பீட்டில்ஸ், பீச் பாய்ஸ், ஹென்ட்ரிக்ஸ்: மோனோ கேட்பதா, ஸ்டீரியோ கேட்பதா?

#1 கானல்நீர்

எல்லோருக்கும் வணக்கம். பீட்டில்ஸ் ஆல்பங்களை வரிசையாகக் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். ரப்பர் சோல் வரை வந்தாயிற்று. ஹெட்போனில் கேட்டால் குரல் பெரும்பாலும் வலது காதில், ட்ரம்ஸும் பேஸும் இடது காதில். ஒரு பக்கத்தைக் கழற்றினால் கரோக்கி ஆகிவிடுகிறது. அந்தக் காலத்தில் இப்படித்தான் கேட்டார்களா?

அலுவலகத்தில் ஒரு நண்பர், "1968 வரைக்கும் எல்லாமே மோனோவில்தான் கேட்கணும், ஸ்டீரியோ வேஸ்ட்" என்று சத்தியம் செய்கிறார். மோனோ என்றால் இரண்டு பக்கமும் ஒரே ஒலி, பழைய ரேடியோ மாதிரிதானே இருக்கும்? அதற்கு ஏன் பெட்டி பெட்டியாக மறுபதிப்பு போடுகிறார்கள், ஏன் இந்த விலை? தெரிந்த அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

#2 டேப்ரீல்

கானல்நீர் தம்பி, நண்பர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் வலது காது விஷயம்.

பீட்டில்ஸின் முதல் ஆல்பம் பெரும்பகுதி 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிவானது. டேப்பில் இரண்டு ட்ராக்தான், அதாவது தனித்தனியாகப் பதிய இரண்டே பாதை. வாத்தியமெல்லாம் ஒன்றில், குரல்கள் இன்னொன்றில். அப்படிப் பிரித்து வைத்தது நாம் வீட்டில் இரண்டு ஸ்பீக்கரில் கேட்பதற்காக அல்ல. பின்னால் மோனோவாகக் கலக்கும்போது குரலை எவ்வளவு ஏற்றுவது, வாத்தியத்தை எவ்வளவு இறக்குவது என்று முடிவு செய்யும் வசதிக்காக. அதே இரண்டு ட்ராக்கை ஆளுக்கொரு பக்கமாக விட்டு ஸ்டீரியோ என்று விற்றார்கள்.

அதே வருடம் அக்டோபரில் நான்கு ட்ராக் வந்தது. ஆனாலும் சிக்கல் தீரவில்லை. நான்கும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து இன்னொரு மெஷினில் ஒரே ட்ராக்காக இறக்கி, மேலே புதிதாகப் பதிவு செய்வார்கள். அப்படி இறக்கிய பிறகு ட்ரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் ஒட்டிக்கொண்டுவிடும். கரைத்த புளியிலிருந்து கொட்டையை எடுக்கலாம், தண்ணீரை எடுக்க முடியாது. ஸ்டீரியோவில் அந்த மொத்தத்தையும் இடதுபக்கமோ வலதுபக்கமோ தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொன்று. நீங்கள் இப்போது கேட்கும் ரப்பர் சோல் 1965 ஸ்டீரியோ அல்ல. 1987இல் சிடி வந்தபோது ஹெல்ப்பையும் ரப்பர் சோலையும் பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே உட்கார்ந்து மறுபடி மிக்ஸ் செய்தார். குரலைக் கொஞ்சம் நடுப்பக்கம் இழுத்தும் இந்த நிலைமை என்றால், பழையது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த 1965 ஸ்டீரியோவைக் கேட்க வேண்டுமென்றால், வேடிக்கை பாருங்கள், 2009இல் வந்த மோனோ சிடி பெட்டியைத்தான் வாங்க வேண்டும். அந்த இரண்டு ஆல்பத்தின் சிடியிலும் மோனோவோடு பழைய ஸ்டீரியோவையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள்.

#3 ஊசிமுனை

டேப்ரீல் அண்ணா அடக்கி வாசிக்கிறார். நான் நேராகவே சொல்கிறேன்: சார்ஜென்ட் பெப்பரை மோனோவில் கேட்காதவர் அந்த ஆல்பத்தை இன்னும் கேட்கவில்லை.

1967இல் லண்டனில் ஒரு சாதாரண வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஸ்பீக்கர் வைத்த ரெக்கார்டு பிளேயர். பாப் பாட்டு ஒலித்த ரேடியோவும் மோனோ. ஸ்டீரியோ என்பது பெரும்பாலும் மேற்கத்திய செவ்வியல் இசை கேட்கிற, காசு இருக்கிற பெரியவர்களின் சமாசாரம். அதனால் பீட்டில்ஸ் நால்வரும் உட்கார்ந்து, இது வேண்டும், அது வேண்டாம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தது மோனோ மிக்ஸைத்தான். ஸ்டீரியோவை ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் பிற்பாடு சில நாட்களில் முடித்தார்கள்.

விளைவு? ஷீஸ் லீவிங் ஹோம் பாட்டை எடுங்கள். ஸ்டீரியோவில் அது ஈ மேஜர், மோனோவில் எஃப் மேஜர். நம் கணக்கில் மூன்று கட்டையிலிருந்து நாலு கட்டைக்குப் போகிறது. டேப்பை வேகமாக ஓட விட்டு மோனோவை மிக்ஸ் செய்தார்கள். ஸ்டீரியோ செய்தபோது அந்த வேகத்தை வைக்கவில்லை. ஸ்டீரியோவில் இழுத்து இழுத்து அழுகிற பாட்டு, மோனோவில் வீட்டை விட்டுக் கிளம்புகிற பெண்ணின் அவசரத்தோடு நகர்கிறது.

லூசி இன் தி ஸ்கையில் லெனன் குரல்மீது சுழல்கிற மாதிரி ஒரு எஃபெக்ட் இருக்கும். மோனோவில் அது தூக்கலாக இருக்கும், ஸ்டீரியோவில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். கடைசிக்கு முந்தைய பாட்டான ரிப்ரைஸ் முடிகிற இடத்தில் பால் மெக்கார்ட்னி தொண்டை கிழியக் கத்துவது மோனோவில்தான் தெளிவாகக் கேட்கும்.

#4 இடதுகாது

வந்துவிட்டார்கள் மோனோ சபையினர். :)

ஊசிமுனை, நீங்கள் சொன்ன வித்தியாசங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் அதிலிருந்து "ஸ்டீரியோ கேட்டவன் கேட்கவே இல்லை" என்ற இடத்துக்கு எப்படித் தாவினீர்கள்? ஏ டே இன் தி லைஃப் பாட்டில் ஆர்கெஸ்ட்ரா கீழிருந்து மேலே ஏறி வருகிறதே, அதை இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே உட்கார்ந்து கேளுங்கள். அறையே நிறைகிறது. மோனோவில் அது ஒரு ஜன்னல் வழியாக வருகிறது.

பாடகர் பக்கத்தில் இருந்தார், ஆகவே அது உயர்ந்தது என்பது ஒரு நம்பிக்கை. என் காதுக்கு அந்த நம்பிக்கை தெரியாது.

அப்புறம், உங்கள் சபையின் பெரிய சாமி பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன். அவர் பெட் சவுண்ட்ஸ் ஆல்பத்தை மோனோவில் செய்ததற்குக் காரணம் அவருடைய வலது காது கேட்காது என்பதும்தான். ஒற்றைக் காதுக்காரர் போட்ட சட்டத்துக்கு இரண்டு காதுக்காரன் ஏன் கட்டுப்பட வேண்டும்?

#5 டேப்ரீல்

இடதுகாது, நியாயமான கேள்வி. ஆனால் பெட் சவுண்ட்ஸ் விஷயத்தில் காது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அவர் வாத்தியங்களைச் சேர்த்த விதம். பிரையனுக்குத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் மீது பெரிய பக்தி. ஸ்பெக்டர் முறையில் இரண்டு மூன்று வாத்தியங்களை ஒரே அறையில் ஒரே மெட்டை வாசிக்க வைப்பார்கள். பியானோவும் கிட்டாரும் சேர்ந்து, பியானோவும் இல்லாத கிட்டாரும் இல்லாத மூன்றாவது ஒரு ஒலி பிறக்கும். அந்த இரண்டையும் இடம் வலமாகப் பிரித்தால் அந்த மூன்றாவது வாத்தியம் செத்துப்போய்விடும்.

1966 மே மாதம் ஆல்பம் வந்தபோது உண்மையான ஸ்டீரியோ மிக்ஸே கிடையாது. கடையில் ஸ்டீரியோ கேட்டு வருகிறவர்களுக்காகக் கேபிடல் நிறுவனம் டியூயோஃபோனிக் என்று ஒரு வித்தை வைத்திருந்தது. அதே மோனோவை ஒரு பக்கம் பேஸைக் குறைத்து, மறுபக்கம் ட்ரெபிளைக் குறைத்து, நடுவில் துளி தாமதமும் சேர்த்து விற்பார்கள். அதைத் தெரியாமல் வாங்கிவிட்டு ஸ்டீரியோவே மோசம் என்று முடிவு கட்டியவர்கள் நிறையப் பேர். கானல்நீர், பழைய ரெக்கார்டு வாங்கினால் உறையில் டியூயோஃபோனிக் என்றோ, எலக்ட்ரானிக்கலி ரீபிராசஸ்டு என்றோ இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அது மோனோவும் இல்லை, ஸ்டீரியோவும் இல்லை.

உண்மையான ஸ்டீரியோ வந்தது 1997இல், பெட் சவுண்ட்ஸ் செஷன்ஸ் பெட்டியில். ஒலிப்பொறியாளர் மார்க் லினெட் செய்தது. வாத்தியப் பதிவு ஒரு டேப்பில், அதை மோனோவாகக் கலந்து இறக்கி மேலே குரல் பதிந்தது வேறொரு டேப்பில். இரண்டையும் டிஜிட்டலில் ஒரே ஓட்டத்துக்குக் கொண்டுவந்து புதிதாக மிக்ஸ் செய்தார். சிரமமான வேலை. ஆனால் 1966இல் சில குரல்களை மோனோ மிக்ஸ் செய்கிற நேரத்திலேயே நேரடியாகச் சேர்த்திருந்தார்கள். அவை தனி டேப்பில் இல்லை. அதனால் உட்இன்ட் இட் பி நைஸ் பாட்டின் நடுப்பகுதியை மோனோவில் குழுவின் இன்னொரு பாடகர் மைக் லவ் பாடுவார், அந்த முதல் ஸ்டீரியோவில் பிரையன் பாடுவார்.

எனக்கு அந்த ஸ்டீரியோ பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டுக்குரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஆல்பமாகக் கேட்க உட்கார்ந்தால் கை மோனோவுக்குத்தான் போகிறது.

#6 மாடப்புறா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒரே டேப்பிலிருந்துதானே இரண்டும் செய்கிறார்கள், எப்படி வேகமும் எஃபெக்ட்டும் மாறிப்போகும்? அதுவும் இவ்வளவு பெரிய குழுவுக்கு யாரும் சரிபார்க்க மாட்டார்களா?

#7 டேப்ரீல்

நல்ல கேள்வி அம்மா. இன்றைக்கு மிக்ஸ் என்றால் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளும். அன்றைக்கு மிக்ஸ் என்பது ஒவ்வொரு முறையும் புதிதாக வாசிக்கிற கச்சேரி. டேப் ஓடும், ஒருவர் குரலை ஏற்றுவார், இன்னொருவர் எக்கோவைத் திறப்பார், மற்றொருவர் வேறொரு மெஷினில் காகம், கோழி, விமானம் என்று சத்தங்களை அந்த நொடியில் ஓடவிடுவார். குரலை இரட்டிப்பாக்கிக் காட்டும் ஏடிடி என்கிற உத்தியை ஒலிப்பொறியாளர் கென் டவுன்சென்ட் 1966இல் ஆபி ரோடு ஸ்டுடியோவில் உருவாக்கினார். அதுவும் பல சமயம் மிக்ஸ் செய்யும்போதே கையால் திருகிச் சேர்ப்பதுதான். மோனோவை ஒரு நாள், ஸ்டீரியோவை வேறொரு நாள் செய்தால் இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும்?

சரிபார்ப்பது பற்றி: யாரும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கப்போவதில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள். 50 வருடம் கழித்து நாம் உட்கார்ந்து நோண்டுவோம் என்று யாருக்குத் தெரியும்.

#8 ஊசிமுனை

நோண்டுவதற்கென்றே செய்தது மாதிரி இருப்பது 1968இன் வைட் ஆல்பம். பேக் இன் தி யுஎஸ்எஸ்ஆரில் விமானச் சத்தம் வேறு வேறு இடத்தில் வரும். ஒப்லடி ஒப்லடா தொடக்கத்தில் ஸ்டீரியோவில் கைதட்டு இருக்கும், மோனோவில் இருக்காது. டோன்ட் பாஸ் மீ பை மோனோவில் வேகமாக ஓடும், கடைசியில் வயலின் வேறு மாதிரி.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், இடதுகாது சந்தோஷப்படட்டும். ஹெல்டர் ஸ்கெல்டர் ஸ்டீரியோவில்தான். மோனோவில் அந்தப் பாட்டு மூன்றரை நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டியதும் மங்கி முடிந்துவிடும். ஸ்டீரியோவில் மங்கிப் போய், திரும்பி வந்து, இன்னொரு சுற்று ஆடி, கடைசியில் விரலெல்லாம் கொப்புளம் என்று ரிங்கோ அலறுவார். அந்த அலறல் இல்லாத ஹெல்டர் ஸ்கெல்டர் எனக்கு வேண்டாம்.

#9 இடதுகாது

அப்பாடா! சபையில் முதல் விரிசல்.

இன்னும் இரண்டு ஆணி அடிக்கிறேன். ஹென்ட்ரிக்ஸின் ஆக்சிஸ் போல்டு ஆஸ் லவ் ஆல்பம். 1967 டிசம்பரில் மோனோவிலும் வந்தது. ஆனால் முதல் ட்ராக்கில் கிட்டார் அறையைச் சுற்றிச் சுற்றிப் பறக்கிறது. பறக்க இடம் வேண்டாமா? கடைசிப் பாட்டின் முடிவில் வருகிற ஃபேசிங் என்ற சுழல் எஃபெக்ட், லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் ஒலிப்பொறியாளர்கள் எடி கிரேமரும் ஜார்ஜ் கியான்ட்ஸும் ஸ்டீரியோவுக்காகவே உழைத்துக் கொண்டுவந்தது. மோனோவில் அது வெறும் சலசலப்பு.

பிங்க் ஃப்ளாய்டின் முதல் ஆல்பத்தில் இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ் முடிவுக்கு வரும்போது மொத்த ஒலியும் இடம் வலம் என்று தலை சுற்ற வைக்கும். ஸ்டீரியோவில் மட்டும்.

#10 டேப்ரீல்

ஆக்சிஸ் விஷயத்தில் முழுக்க ஒத்துப்போகிறேன். அதற்கு முந்தைய ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்டு கதை வேறு. 1967 மே மாதம் பிரிட்டனில் அது மோனோவில் மட்டுமே வந்தது. ஸ்டீரியோ சில மாதம் கழித்து அமெரிக்கப் பதிப்புக்காகச் செய்தது, பாட்டு வரிசையும் மாறியது. அந்த முதல் மோனோவில் ட்ரம்ஸும் பேஸும் மார்பில் குத்துகிற மாதிரி இருக்கும். ஒரே ஆள், ஒரே வருடம், ஒரு ஆல்பம் மோனோவுக்கு, அடுத்தது ஸ்டீரியோவுக்கு.

இதைத்தான் ஆரம்பத்தில் மீதிப் பாதி என்று சொன்னேன். மோனோவா ஸ்டீரியோவா என்று மொத்தமாகக் கட்சி கட்டுவதில் பிரயோஜனம் இல்லை. அந்த மிக்ஸை யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள், பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் அறையில் இருந்தார்களா என்று பார்க்க வேண்டும். பிங்க் ஃப்ளாய்டின் அந்த முதல் ஆல்பமான பைப்பரும் அப்படித்தான். இடதுகாது சொன்ன அந்த ஒரு இடத்தைத் தவிர மற்றபடி மோனோதான் கட்டுக்கோப்பாக இருக்கிறது. 2007இல் 40ஆம் ஆண்டுப் பதிப்பில் இரண்டையும் சேர்த்தே போட்டார்கள், வைத்துப் பார்க்க வசதி.

யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று: ஜோம்பீஸ் குழுவின் ஒடெஸி அண்ட் ஆரக்கிள் ஆல்பம். மோனோ மிக்ஸ் முடிந்து கைக்காசும் தீர்ந்த பிறகு, ஸ்டீரியோவும் வேண்டும் என்று நிறுவனம் கேட்டது. குழுவில் பாட்டு எழுதிய ராட் ஆர்ஜென்ட்டும் கிறிஸ் வைட்டும் சொந்தப் பணத்தைப் போட்டு ஸ்டீரியோ செய்தார்கள். அதிலும் திஸ் வில் பி அவர் இயர் பாட்டின் பித்தளை வாத்தியங்கள் மோனோ மிக்ஸ் நடக்கும்போதே வாசிக்கப்பட்டவை, தனி ட்ராக்கில் இல்லை. ஆகவே அந்த ஒரு பாட்டு மட்டும் ஸ்டீரியோ ரெக்கார்டிலும் போலி ஸ்டீரியோதான்.

டோர்ஸ் குழுவின் முதல் ஆல்பம் இன்னொரு விசித்திரம். அதன் ஸ்டீரியோ பதிப்பு பல பத்தாண்டுகளாக வேகம் குறைந்தே ஓடிக்கொண்டிருந்தது. லைட் மை ஃபயர் மோனோ சிங்கிளோடு சேர்த்து வாசித்துப் பார்த்தால் சுருதி சேராது. 40ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் ஒலிப்பொறியாளர் புரூஸ் பாட்னிக் சரிசெய்தார்.

#11 கானல்நீர்

அண்ணா, தலை சுற்றுகிறது, ஆனால் நன்றாக இருக்கிறது. ஒரு குறுக்குவழி கேட்கட்டுமா? போனில் மோனோ ஆடியோ என்று ஒரு செட்டிங் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு ஸ்டீரியோ பாட்டைக் கேட்டால் மோனோ மிக்ஸ் கிடைத்துவிடாதா?

#12 ஊசிமுனை

கிடைக்காது! ஷீஸ் லீவிங் ஹோமை எத்தனை முறை கூட்டினாலும் மூன்று கட்டை நாலு கட்டை ஆகாது.

#13 டேப்ரீல்

அது மட்டுமில்லை. இடமும் வலமும் கூட்டும்போது, இரண்டிலும் சமமாக இருக்கும் நடுக்குரலும் பேஸும், ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்ட கிட்டாரைவிட 3 டெசிபெல் தூக்கலாகிவிடும். ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் அசையும் ஒலிகள் அழிந்தே போகும். எக்கோ வற்றிவிடும். அசல் மோனோவில் கிட்டார் குரலுக்குள் புதைந்துபோகாமல் இருக்க, ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து அளந்திருப்பார்கள். எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து வரும்போது தனித்துக் கேட்க வைப்பது கஷ்டம். அந்தக் கஷ்டம்தான் மோனோ மிக்ஸின் பலம்.

நிறுவனங்களே இந்தக் குறுக்குவழியில் போயிருக்கின்றன. 1969 ஜனவரியில் பிரிட்டனில் வந்த யெல்லோ சப்மரீன் மோனோ இப்படி ஸ்டீரியோவைக் கூட்டிச் செய்ததுதான். அதனால்தான் 2009 மோனோ பெட்டியில் அது இல்லை. ஆபி ரோடு ஆல்பம் ஸ்டீரியோவில் மட்டும் வந்தது, அதற்கு மோனோ தேடி அலையாதீர்கள்.

ரப்பர் சோல் ஹெட்போன் தொல்லைக்கு மட்டும் அந்த செட்டிங்கைப் போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை.

#14 மாடப்புறா

அப்பாவிடம் கொல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான பீட்டில்ஸ் எல்பி ஒன்று இருக்கிறது. மோனோ என்று போட்டிருக்கிறது. புது டர்ன்டேபிளில் இருப்பது ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய பாகம்). போட்டால் ரெக்கார்டு கெடுமா? தனியாக மோனோ கார்ட்ரிட்ஜ் வாங்க வேண்டுமா?

#15 ஊசிமுனை

தாராளமாகப் போடுங்கள் அக்கா, கெடாது. ஆபத்து எதிர்ப்பக்கம்தான்: பழைய அசல் மோனோ கார்ட்ரிட்ஜில் ஸ்டீரியோ ரெக்கார்டு போடக் கூடாது. மோனோ பள்ளத்தில் ஊசி பக்கவாட்டில் மட்டும் ஆடினால் போதும். ஸ்டீரியோ பள்ளத்தில் மேலும் கீழும் ஆட வேண்டும். அந்த அசைவுக்கு இடம் கொடுக்காத பழைய ஊசி பள்ளத்தைச் சுரண்டிவிடும்.

ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் மோனோ போடும்போது அந்த மேல்கீழ் அசைவில் இசை எதுவும் இருக்காது, தூசியும் கீறலும்தான் சத்தமாக வரும். ஆம்பிளிஃபயரில் மோனோ பட்டன் இருந்தால் அமுக்குங்கள், அந்தச் சத்தத்தில் பெரும்பகுதி அடங்கிவிடும். வித்தியாசத்தைக் கேட்டு நீங்களே அசந்துபோவீர்கள். பட்டன் இல்லையென்றால் மட்டும் மோனோ கார்ட்ரிட்ஜ் பற்றி யோசிக்கலாம். பழைய மோனோவுக்கு 25 மைக்ரான் ஊசி, ஸ்டீரியோவுக்கு 18 என்பது அக்காலக் கணக்கு. 18 ஊசி பள்ளத்தில் கொஞ்சம் ஆழமாக இறங்கும், அவ்வளவுதான். பழைய ஊசிகள் தேய்க்காத இடத்தைத் தொட்டால் சில சமயம் லாபம்கூட.

அப்பாவின் ரெக்கார்டை முதலில் நன்றாகக் கழுவுங்கள். விற்கிற எண்ணம் இருந்தால் எனக்கு முதலில் சொல்லுங்கள்.

#16 நெறியாளர்

வாங்கல் விற்றல் பேச்சு சந்தை இழைக்குப் போகட்டும். ஊசிமுனை, இது எத்தனையாவது முறை?

#17 இடதுகாது

ஹா ஹா. சரி, கடைசியாக என் கட்சி. இந்தச் சண்டையைப் பாதி தீர்த்தது ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின். 2017இல் சார்ஜென்ட் பெப்பரை மறுமிக்ஸ் செய்தபோது மோனோவை முன்மாதிரியாக வைத்துக்கொண்டுதான் ஸ்டீரியோ செய்தார். ட்ரம்ஸும் குரலும் நடுவுக்கு வந்தன, ஷீஸ் லீவிங் ஹோமும் மோனோ வேகத்துக்கு வந்தது. 2022இல் பீட்டில்ஸின் ரிவால்வர் ஆல்பம் இன்னும் ஒரு படி மேல். சினிமா இயக்குநர் பீட்டர் ஜாக்சன் குழுவின் மென்பொருளை வைத்து, ஒட்டிப்போன ட்ராக்கிலிருந்து ட்ரம்ஸையும் பேஸையும் கிட்டாரையும் பிரித்துவிட்டார்கள். டேப்ரீல் அண்ணா, உங்கள் கரைத்த புளியிலிருந்து தண்ணீரையும் எடுத்துவிட்டார்கள்!

கானல்நீர், ஹெட்போனில் கேட்கிற உங்களுக்கு இந்த இரண்டும்தான் நல்ல தொடக்கம்.

#18 ஊசிமுனை

அது ஜைல்ஸின் ரிவால்வர். நன்றாகத்தான் இருக்கிறது, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் 1966இல் கடைக்கு வந்தது அதுவல்ல. அப்போதைய மோனோ வேண்டுமென்றால் 2014 வினைல் பெட்டி. டிஜிட்டல் பக்கமே போகாமல் அசல் டேப்பிலிருந்து நேராக வெட்டியது.

#19 கானல்நீர்

நேற்று ராத்திரி சார்ஜென்ட் பெப்பர் மோனோவை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன், பிறகு 2017 ஸ்டீரியோவை ஹெட்போனில். லூசி மோனோவில்தான், அதில் பேச்சே இல்லை. ஏ டே இன் தி லைஃப் எனக்கு ஸ்டீரியோவில். ரிப்ரைஸில் அந்தக் கத்தலைக் கேட்டுவிட்டு மூன்று முறை திரும்பப் போட்டேன், அம்மா கதவைத் தட்டிவிட்டார்.

அடுத்தது பெட் சவுண்ட்ஸ். மோனோதான் முதலில், சரிதானே டேப்ரீல் அண்ணா?

#20 டேப்ரீல்

மோனோதான் முதலில். ஸ்பீக்கரில் கேளுங்கள், ஹெட்போன் வேண்டாம். ஸ்டீரியோவுக்குப் போகும்போது உட்இன்ட் இட் பி நைஸ் நடுப்பகுதியை யார் பாடுகிறார்கள் என்று கவனியுங்கள். பிற்காலப் பதிப்புகளில் மைக் லவ் குரலை மீட்டுச் சேர்த்திருக்கிறார்கள். உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

#21 இடதுகாது

ஸ்டீரியோவைக் கேட்டுவிட்டு இங்கே வந்து எழுதுங்கள், கானல்நீர். ஊசிமுனைக்குப் பயப்பட வேண்டாம்.